காட்டுவோரும் காண்போரும்

இயற்பியலில் தனித்திறன் உள்ள மேல்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் ஓரிடத்தில் தங்கவைத்துச் செறிவாகக் கற்பிக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் அதன் முதன்மையான வடிவம், மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் இயற்பியல் ஒலிம்பியாடு முகாம். இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்தும் முதல் தேர்வை நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். அடுத்த தேர்வையும் கடந்து முகாமுக்குப் போவோர் சில பத்துப் பேர். நாட்டின் அணிக்குப் போவோர் 5 பேர். அந்த அணி செல்லும் உலக இயற்பியல் ஒலிம்பியாடு 1967இல் வார்சாவில் தொடங்கியது; அதில் இந்தியா 1998 முதல் கலந்துகொள்கிறது. திருநெல்வேலிப் பிள்ளைகள் அறிவியலுக்குள் நுழைய அருகில் இருக்கும் வாசல், கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம்.

ஆயிரம் பேரிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கும்போது உண்மையில் எதைப் பிரித்தெடுக்கிறோம்? அந்தத் திறன் பிள்ளையின் சொந்த உடைமையா, அருளப்பட்ட கொடையா, எல்லாரிடமும் இருப்பது ஒருவரிடம் முந்தி வெளிப்பட்டதா? தேர்வு முறை இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தாமிரபரணிக் கரை வெகுகாலமாகக் கேட்டு வந்திருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த முக்களாலிங்கரின் வரலாறு வேறு விதம். பள்ளி விட்டு வரும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவிகளான தம்பிரான்களைக் கண்ட அந்தச் சிறுவன் அவர்களை வீட்டுக்கு அழைத்துவந்து அமுது செய்வித்தான். பிள்ளையின் அறிவைக் கண்ட தம்பிரான்கள் அவனை உடன் அழைத்துச் சென்றார்கள். ஆதீனத்தில் பல்லாண்டு கற்ற அவனே 1785இல் மறைந்த சிவஞான முனிவர். முதல் கதையில் ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. இரண்டாவதில் அடையாளம் காண்போர் இருக்கிறார்கள், வீட்டைப் பிரிவது இருக்கிறது, நெடிய பாடம் இருக்கிறது. கோடை முகாமுக்கு நெருங்கியது இதுவே.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதியவர் அந்த முனிவர். அவர் விளக்கிய சைவ சித்தாந்தத்தில் அறிவு உயிரின் இயல்பு. ஆணவ மலம் அதை மறைக்கிறது. மாயையிலிருந்து வந்த உடலும் கருவிகளும் உலகமும் அம்மறைப்பைச் சிறிதளவு விலக்குகின்றன. ஆகவே, அறிவுள்ள உயிர், அறிவில்லா உயிர் என்று இரண்டு இனம் இல்லை. உள்ள வேறுபாடு பக்குவத்தில். அருள் பதியும் தரங்களை விளக்கும்போது இந்நெறியினர் வாழைத்தண்டிலும் பச்சை விறகிலும் உலர்ந்த விறகிலும் தீப் பற்றுவதை எடுத்துக்காட்டுவார்கள். நுழைவுத் தேர்வு அளப்பது அன்றைய உலர்ச்சியை. அதில் வீட்டுப் புத்தக அலமாரிக்கும், பள்ளி ஆய்வகத்துக்கும், பயிற்சி வகுப்புக்குக் கட்ட முடிந்த பணத்துக்கும் பங்கு உண்டு. தேர்வாகாதவரைத் திறனற்றவர் என்று முடிவுகட்டுவது சித்தாந்தப்படியும் தவறு, அறிவியல்படியும் தவறு.

கற்பித்தல் பற்றி இந்நெறி சொல்வது இன்னும் நுட்பமானது. கண் தானாகக் காண்பதில்லை. உயிர் கண்ணுக்குக் காட்டுகிறது, கண்ணோடு நின்று தானும் காண்கிறது. அவ்வாறே இறைவன் உயிருக்குக் காட்டுவதோடு உடன் நின்று காணவும் செய்கிறான். முன்னது காட்டும் உபகாரம், பின்னது காணும் உபகாரம். கரும்பலகையில் கணக்கைப் போட்டு முடிக்கும் ஆசிரியர் முதல் உபகாரத்தோடு நின்றுவிடுகிறார். சில வாரங்களில் ஓராண்டுப் பாடத்தை ஓட்டிவிடும் முகாமுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். சோதனை மேசையில்தான் இரண்டாவது உபகாரம் நடக்கிறது. உலகப் போட்டியில் 5 மணி நேரக் கோட்பாட்டுத் தேர்வுக்கு 30 மதிப்பெண்ணும், 5 மணி நேரச் செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண்ணும் ஒதுக்கியிருப்பது அதனால் பொருத்தமே.

ஒரு மீட்டர் நீளத் தனி ஊசல் 50 முறை ஆட ஏறத்தாழ 100.5 விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 விநாடி பிசகினால், கிடைக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 0.04 மீ/வி² வரை பிசகும். திருநெல்வேலியில் அதன் மதிப்பு சுமார் 9.78, பாடநூல் எண் 9.8. மாணவருக்கு 9.77 வந்தால் அது பாடநூலை மறுத்ததாகுமா? ஆகாது. வீச்சைச் சில பாகைக்குள் அடக்கி, 200 ஆட்டம் எண்ணி, நூல் கட்டிய இடத்திலிருந்து குண்டின் மையம் வரை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்த பிறகே அவர் அப்படிச் சொல்லலாம். காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்ளும் சித்தாந்தம் ஐயக்காட்சியையும் திரிபுக்காட்சியையும் தள்ளிவிடுகிறது. இயற்பியலோ திரிபைத் தேடித் திருத்துகிறது. எஞ்சிய ஐயத்தை அளந்து விடையின் பக்கத்திலேயே எழுதுகிறது. பதினேழு வயதில் இந்தப் பழக்கம் கைவருவது பெரிய பேறு.

உரையளவையும் இங்கே சோதனைக்கு உட்படுகிறது. காந்த ஊசி தரையை நோக்கிச் சாயும் என்று நூல் சொல்கிறது. லண்டனில் அந்தச் சரிவு ஏறத்தாழ 66 பாகை. புவிக்காந்த நடுக்கோடு அருகே செல்வதால் திருநெல்வேலியில் ஊசி கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அருகிலுள்ள கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த இட அமைதிதான். பகலில் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே காந்த நடுக்கோட்டை ஒட்டி ஓடும் மின்னோட்டத்தை ஆராய இது தக்க இடம். நூலின் பொதுவிதி பொய்யாகவில்லை. அது தன் ஊரில் எப்படி நிற்கிறது என்பதை மாணவர் தன் கண்ணால் கண்டாக வேண்டும்.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. புலன்களாலும் சொற்களாலும் பெறும் அறிவைச் சித்தாந்தம் பாசஞானம் என்கிறது. வீடுபேறு தருவது பதிஞானம் மட்டுமே. இயற்பியல் முன்னதில் அடங்கும். அதற்கு மேல் உரிமை கோருவது இயற்பியலின் வேலையும் அல்ல. நடராசர் நடனத்தில் அணுக்களின் இயக்கத்தைக் காட்டி இரண்டையும் ஒன்றாக்கும் எழுத்துகள் இரண்டின் கறாரையும் குலைக்கின்றன.

கொடை பெற்றவர் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கேள்வி எஞ்சுகிறது. சிவஞான முனிவர் கச்சியப்ப முனிவர் போன்ற மாணவர்களை உருவாக்கினார். வடமொழித் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். வடமொழி அறியாதவரும் தருக்கம் பயில அது வழி செய்தது. உலக ஒலிம்பியாடிலும் தேர்வுக்கு முன்பாக ஒவ்வொரு நாட்டு அணித் தலைவர்களும் விழித்திருந்து வினாத்தாளைத் தம் மாணவரின் மொழிக்கு மாற்றித் தருகிறார்கள். மேல்நிலை இயற்பியல் பாடநூல் தமிழில் இருக்கிறது. அதைத் தாண்டிய, ஒலிம்பியாடு தரக் கணக்கு நூல்களும் செய்முறைக் கையேடுகளும் தமிழில் அரிது. அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு முகாமின் வாசல் திறப்பதற்கு அவை முதலில் வேண்டும். அவற்றை எழுதத் தகுந்தவர்கள், முகாம்களில் பயின்று வெளியே வந்த தமிழ் மாணவர்களே.