நாமும் நாங்களும்

1995 ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை. கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிந்து தனியரசாவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்க அன்று சர்வஜன வாக்கெடுப்பு. மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் வாழ்ந்த எம்மில் குடியுரிமை கிடைத்திருந்தவர்கள் வாக்களித்தார்கள். கிடைக்காதவர்களும் வாக்களித்தவர்களுமாக இரவு ஒரு வீட்டில் கூடியிருந்து ரெலிவிஷன் பார்த்தோம். 'ஆம்' முந்தியது, பின்பு சமமாகியது, பின்பு 'இல்லை' மயிரிழையில் மேலே வந்தது. முடிவில் 'இல்லை' 50.58 வீதம், 'ஆம்' 49.42 வீதம். வித்தியாசம் 54,288 வாக்குகள். வாக்களித்தோர் 93 வீதத்துக்கும் மேல். ஒரு துப்பாக்கிச் சூடு இல்லை. ஒரு வீடு எரியவில்லை. ஒரு நாடு உடைவதா இல்லையா என்பதை இப்படியும் தீர்மானிக்கலாமா என்று நாம் வியந்து போனோம்.

எமக்கு முன்பு தெரிந்திருந்த ஒரேயொரு சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22இல் நடந்தது. தேர்தலை நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்க ஜே. ஆர். ஜெயவர்த்தனா கேட்ட வாக்கெடுப்பு. 'ஆம்' என்பதற்கு விளக்கு, 'இல்லை' என்பதற்குக் குடம். யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது விளக்கு வென்றது. எண்ணிக்கை என்பது நம்மை விழுங்குவதற்கும் உரியது என்பதை அன்று படித்தோம்.

மொன்றியலில் இரவு எட்டு மணிக்கு வாக்குச்சாவடிகள் மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் மறுநாட் காலை ஆறரை மணி. அந்த நேரம் எமது தாய் தகப்பன்மார் தெருவில் நின்றார்கள் என்பது எமக்குத் தெரியாது. ஒக்ரோபர் 17இல் தொடங்கிய 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை வலிகாமத்துக்குள் முன்னேறிக் கொண்டிருந்தது. 30ஆம் திகதி எல்லோரையும் உடனே வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் அந்த இரவு மழையில், மூட்டை முடிச்சுகளோடும் நடக்கமாட்டாத கிழவிகளோடும், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தது. போவதா இல்லையா என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அங்கே 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் இரண்டு பெட்டிகள் இருக்கவில்லை. சில நாட்கள் கழித்து, கொழும்புக்கு ரெலிபோன் எடுத்துத்தான் யார் யார் எங்கே என்று அறிந்தோம்.

ஒரே திகதி. ஓரிடத்தில் ஒவ்வொருவராக எண்ணினார்கள். மற்ற இடத்தில் எவரையும் எண்ணவில்லை. இப்படி எழுதிவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்வது எமக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் விடயம் அவ்வளவு நேரானதல்ல.

2

அன்றிரவு மொன்றியலில், தோற்ற தரப்பினரின் கூட்டத்தில், மாகாணப் பிரதமர் ஜாக் பாரிசோ பேசினார். தம்மைத் தோற்கடித்தது பணமும் இனக்குழுக்களின் வாக்குகளும்தான் என்றார். 'நாம்' அறுபது வீதம் 'ஆம்' என்று வாக்களித்தோம் என்றும் சொன்னார். அவர் பாவித்த 'நூ' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நாம்' என்பதே பொருள். அந்த நாமுக்குள் பிரெஞ்சு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். நாம் இருக்கவில்லை. அடுத்தநாள் அவர் தமது பதவி விலகலை அறிவித்தார். அவரது தரப்பிலேயே பலர் அப்பேச்சையிட்டு வெட்கப்பட்டார்கள். ஆயினும் சொல் சொல்லப்பட்டு விட்டது. எம்மோடு உணவகச் சமையலறையில் வேலை செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இரண்டு நாட்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்களைச் சொல்லவில்லை" என்றார். பின்பு யாரைச் சொன்னார்கள் என்று நாம் கேட்கவில்லை.

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு கூச்சமும் இருந்தது. தனிநாடு கேட்ட ஒரு சனத்திலிருந்து ஓடிவந்த நாம், தனிநாடு கேட்ட இன்னொரு சனத்துக்கு 'இல்லை' என்று சொன்னோம். எமக்குத் தெரிந்த அளவில் எம்மவரிற் பெரும்பாலானோரின் வாக்கு அதுதான். அகதிக் கோப்பும் கடவுச்சீட்டும் ஒட்டாவாவின் கையில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருமுறை நாடு மாற எமக்குத் தெம்பில்லை. அவர்களது நியாயம் எமக்கு விளங்காததல்ல. தமது மொழி தமது மண்ணிலேயே கூலிக்காரனின் மொழியாகிவிட்டது என்ற ஆத்திரத்தை 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தைக் கண்ட எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1977இன் 101ஆவது சட்டத்தின்படி எமது பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அதை நாம் குறையாகவும் எண்ணவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிரிவினை கேட்ட லூசியன் பூஷார் அந்நாளில் கனடியப் பாராளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். எமது நாட்டிலோ 1983 ஓகஸ்ற்றில் வந்த ஆறாம் திருத்தச் சட்டம் பிரிவினையைப் பேசுவதையே குற்றமாக்கியது. சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழ் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். கேட்கவே விடாத அரசுக்கும் கேட்டதை எண்ணிப் பார்க்கச் சம்மதித்த அரசுக்கும் உள்ள தூரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

3

ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பிரிந்து போகும் உரிமை உண்டா? 'உண்டு' என்ற விடையோடுதான் நாம் வளர்ந்தோம். அந்த விடைக்கு முன்னால் இன்னொரு கேள்வி கிடக்கிறது. யார் அந்த மக்கள்? இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மக்களே தீர்மானிக்கட்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் மக்கள் யார் என்பதை முதலில் வேறு யாரோ தீர்மானித்தாக வேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம். டி. எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு ஆலோசனை சொன்னவர் அவர். அதே சேனநாயக்காவின் அரசு 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களை மக்கள் என்ற கணக்கிலிருந்து கழித்தது.

கியூபெக்கிலும் இது நடந்தது. வாக்கெடுப்புக்கு ஆறு நாட்களுக்கு முன்னர், ஒக்ரோபர் 24இல், மாகாணத்தின் வடக்கே வாழும் கிறீ மக்கள் தமக்கென ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். தங்களையும் தங்கள் நிலத்தையும் கனடாவிலிருந்து பிரிக்கக்கூடாது என்று 96 வீதத்துக்கு மேல் சொன்னார்கள். இனுயிட் மக்களும் அவ்வாறே செய்தார்கள். பின்னர் மொன்றியல் தீவின் மேற்கேயுள்ள ஆங்கிலம் பேசும் நகரசபைகள் சில, கியூபெக் பிரிந்தால் தாம் கனடாவோடேயே இருப்போம் என்று தீர்மானம் எழுதின. கனடாவைப் பிரிக்கலாமென்றால் கியூபெக்கையும் பிரிக்கலாம் என்பது அவர்களது தர்க்கம். பிரிவினைவாதிகள் கனடாவின் எல்லையை மாற்றலாம் என்றார்கள். கியூபெக்கின் எல்லை மாத்திரம் தொடக்கூடாதது என்றார்கள். அதைக் கேட்டுச் சிரித்தோம். பின்பு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பேச்சு எமக்குப் பழக்கமான பேச்சு.

4

ஒக்ரோபர் 30 என்ற திகதிக்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. 1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டுமென்று புலிகள் உத்தரவிட்டார்கள். வீடும் கடையும் நகையும் விட்டுப் போனார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து இவ்வாறு துரத்தப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். பெரும்பாலானோர் புத்தளத்து அகதி முகாம்களில் ஒதுங்கினார்கள். அவர்களது பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து பிள்ளை பெற்றார்கள். எம்மிற் சிலர் அன்று படலையடியில் நின்று பார்த்தோம். துவக்குக்குப் பயம் என்பது உண்மை. அது முழு உண்மையா என்று எம்மைக் கேட்டால் பதில் சொல்லத் தயங்குவோம்.

ஐந்து வருடங்கள் கழித்து அதே திகதியில் நாமே தெருவுக்கு வந்தோம். இதைச் சிலர் பழி என்றும் சாபம் என்றும் சொல்லுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. வலிகாமத்துக் கிழவி எவரையும் துரத்தவில்லை. குழந்தைகளின் துன்பத்தில் கணக்குத் தீர்ப்பது அறமல்ல. நாம் சொல்வது வேறு. 1995ஐ வருடாவருடம் நினைவு கூருகிற எமக்கு, 1990உம் அதே திகதியென்பது ஏன் அநேகமாக ஞாபகம் வருவதில்லை?

கிழக்கையும் பார்க்கலாம். 1987 யூலை 29இல் ஒப்பமிடப்பட்ட இலங்கை-இந்திய ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. இணைந்திருப்பதா என்று 1988 டிசம்பர் 31க்கு முன் கிழக்கில் வாக்கெடுப்பு நடத்தப்படும், ஜனாதிபதி விரும்பினால் பின்போடலாம் என்றது. அது பின்போடப்பட்டுக் கொண்டே போய், நடக்கவேயில்லை. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. இந்த வாக்கெடுப்பு நடக்கக்கூடாது என்றுதான் எம்மில் அநேகர் உள்ளூர விரும்பினோம். குடியேற்றங்களால் கிழக்கின் தொகை மாற்றப்பட்டுவிட்டது என்று காரணம் சொன்னோம். அது மெய்யான காரணம். ஆனால் அங்கே முஸ்லிம்கள் இருக்கிறார்கள், அவர்கள் எமக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்ற பயமும் இருந்தது. பிரிந்து போகும் உரிமையைக் கேட்டவர்கள், தமக்குள் இருந்த இன்னொரு மக்களை எண்ணிப் பார்க்க அஞ்சினோம். பாரிசோ வாய்விட்டுச் சொன்னதை நாம் சொல்லாமல் வைத்திருந்தோம்.

5

அந்த ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் ராஜீவ் காந்தியின் கையெழுத்து. மறுபக்கம் ஜெயவர்த்தனாவின் கையெழுத்து. தமிழரின் கையெழுத்து இல்லை. பக்கத்துப் பெரிய நாடு எம்மைக் காப்பாற்ற வருமென்று வாழைமரம் கட்டாத குறையாகக் காத்திருந்தோம். அது தன் கணக்கோடு வந்து, இரண்டரை வருடங்கள் எம்மோடு போரிட்டு, 1990 மார்ச்சில் திரும்பிப் போனது.

பக்கத்து வல்லரசு திரும்பிப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கிரீமியாவில் பார்த்தோம். 2014 பெப்ரவரியில் ரஷ்யத் துருப்புகள் அங்கே வந்தன. மார்ச் 16இல் வாக்கெடுப்பு. 18ஆம் திகதி இணைப்பு ஒப்பந்தம். வாக்குச்சீட்டில் இரண்டு தெரிவுகள் இருந்தன: ரஷ்யாவோடு சேர்வது, அல்லது 1992ஆம் ஆண்டின் கிரீமிய யாப்புக்குத் திரும்புவது. இருந்தபடியே இருப்பதற்குப் பெட்டியில்லை. 96 வீதத்துக்கு மேல் 'ஆம்' என்று அறிவித்தார்கள். கிரீமியாவின் ரஷ்யர்களில் மிகப் பலர் மெய்யாகவே அதை விரும்பியிருக்கலாம். ஆனால் 1944இல் ஸ்ராலின் மண்ணோடு பெயர்த்து மத்திய ஆசியாவுக்கு அனுப்பிய, அரை நூற்றாண்டின் பின் திரும்பி வந்த தாத்தாரியர் அங்கே இருந்தார்கள். அவர்களது மன்றம் அந்த வாக்கெடுப்பைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. 2016இல் அந்த மன்றமே தடை செய்யப்பட்டது. உக்ரேனுக்காக எம்மில் ஒரு சிலரும் ரஷ்யாவுக்காக வேறு சிலரும் வாதாடினோம். தாத்தாரியரைப் பற்றி எவரும் பேசவில்லை. புத்தளத்தைப் பற்றிப் பேசாதது போலவே.

6

இப்படி எழுதுவது பேரினவாதத்துக்குப் பொல்லுக் கொடுப்பதாகும் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இல்லை. கேள்வியைக் கேட்பதையே குற்றமாக்கிய அரசு, முஸ்லிம்களைக் காட்டி எமது உரிமையை மறுக்க அருகதையற்றது. எமது துன்பம் பொய்யல்ல. எமது கோரிக்கையும் பொய்யல்ல. 1998 ஓகஸ்ற்றில் கனடிய உச்ச நீதிமன்றம் கியூபெக் பற்றித் தீர்ப்புச் சொன்னது. ஒருதலைப்பட்சமாகப் பிரியச் சட்ட உரிமை கிடையாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'ஆம்' என்றால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தேயாக வேண்டும் என்றது. அந்தப் பேச்சுவார்த்தையைக் கட்டுப்படுத்தும் நெறிகளில் ஒன்றாகச் சிறுபான்மையினரின் பாதுகாப்பையும் வைத்தது. தமக்குள் இருக்கும் சிறியவரை எண்ணாதவர்கள் தம்மை எண்ணும்படி பெரியவரைக் கேட்க முடியாது என்று நாம் அதை வாசித்தோம்.

2009 டிசம்பரில், முள்ளிவாய்க்காலின் சாம்பல் ஆறுமுன்னர், வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது கனடாவில் தமிழரிடையே வாக்கெடுப்பு நடந்தது. குளிருக்குள் வரிசையில் நின்றோம். நூற்றுக்கு 99க்கும் மேல் 'ஆம்'. அன்று அழுதவர்களை நாம் எள்ளி நகையாட மாட்டோம், நாமும் அழுதோம். ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒன்று உறுத்தியது. கியூபெக்கில் நாம் வாழ்கிறோம். இங்கே எமது வாக்கு முழுவாக்கல்ல என்று ஒருவர் சொன்னபோது அது அநீதி என்றோம். அங்கே நாம் வாழவில்லை. அங்கே வாழ்ந்து துரத்தப்பட்டவர்களை விட்டுவிட்டு நாம் வாக்களித்தோம்.

கேட்பவரையும் சேர்த்துச் சொல்வதற்கு 'நாம்', அவரை விலக்கிச் சொல்வதற்கு 'நாங்கள்' என்று தமிழில் இரண்டு சொல் உண்டு. பிரெஞ்சுக்காரருக்கு அந்த வசதி கிடையாது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்'தான். 'நாம்' மேடைக்கும் ஏட்டுக்கும் உரியது. இந்தக் கட்டுரை முழுவதும் நாமும் 'நாம்' என்றே எழுதியிருக்கிறோம். இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவர் அச்சொல்லுக்குள் தன்னையும் காண்பாரா? காணமாட்டாரென்றால் பிழை வாசிப்பவருடையதல்ல. அடுத்த ஒக்ரோபர் 30இல் எமது இடப்பெயர்வை நினைவு கூரும்போது, ஐந்து வருடம் முந்தியே போனவர்களையும் பெயர் சொல்லி நினைப்போமா என்பதில்தான் எமது 'நாம்' மெய்யா என்பது தெரியவரும்.