அம்பைச் செய்தவன்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்பது நம் மக்களிடையே பெரிதும் வழங்கும் பழமொழியாகும். தோட்டத்து லயத்திலே இரு வீட்டார் வழக்கிட்டாலும், பட்டணத்துக் கடையிலே முதலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பிணக்கு நேர்ந்தாலும், இடையில் நிற்கும் பெரியவர் ஒருவர் இதனைச் சொல்லித் தீர்ப்பு வழங்கிவிடுவார். ஏவியவனை விட்டு ஏவப்பட்டதைக் கடிதல் அறிவுடைமையாகாது என்பது இதன் கருத்து. கருத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் இப்பழமொழி கூறும் நிகழ்ச்சியில் ஒருவன் விடுபட்டிருக்கிறான். எய்தவன் இருக்கிறான்; அம்பு இருக்கிறது; பட்டு வீழ்ந்த பிராணியும் சொல்லாமலே பெறப்படுகிறது. அந்த அம்பை உலையிலே காய்ச்சி, அடித்து, கூராக்கி, விலைக்குக் கொடுத்தானே ஒருவன், அவன் எங்கே? அவனுக்கு இவ்வினையில் பங்கு உண்டா, இல்லையா?

வள்ளுவனார் புலால் மறுத்தலைக் கூறுமிடத்து, கொல்பவனோடு நிறுத்திக்கொள்ளாமல், விலை கொடுத்து வாங்குவோனையும் வினைக்குள் இழுத்து நிறுத்துகிறார். கத்தி செய்த கொல்லனைப் பற்றி அவ்வதிகாரத்தில் பேச்சில்லை. ஆகவே அக்கொல்லனைப் பற்றி நாமே சிந்திக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இதனை வெறும் தர்க்கமாக நடத்தினால் நூறு பக்கம் எழுதியும் கரை காணமாட்டோம். ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு அதன் வாயிலாக ஆராய்தல் நலம். கடலுள் மூழ்கி மீன் வேட்டையாடுவோர்க்கு ஈட்டித் துப்பாக்கி முதலிய கருவிகளை வகுத்துச் செய்யும் தொழிலை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துக் கணக்கெழுதும் நமக்கும் கடலடி வேட்டைக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவலாம். உறவு உண்டு. அக்கருவியின் உயிர்நிலை ரப்பர்.

துப்பாக்கி என்ற பெயரைக் கேட்டு வெடிமருந்தை நினைத்தல் வேண்டா. இது வில்லின் இனத்தைச் சேர்ந்தது. மரத்தாலோ, அலுமினியக் குழாயாலோ, கார்பன் இழையாலோ அமைந்த ஒரு தண்டு. அதன்மேல் கிடக்கும் 6.5 அல்லது 7 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு ஈட்டி. முன்முனையில் பூட்டிய ரப்பர்க் குழாய். பின்முனையில் ஈட்டியைப் பற்றி நிற்கும் விசை. ரப்பர்க் குழாயை அதன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று அல்லது மூன்றரை மடங்கு இழுத்து ஈட்டியின் வெட்டில் மாட்டிவிட்டால், வேடனுடைய தோள்வலி முழுவதும் அந்தக் குழாய்க்குள் அடங்கி உறங்கும். விசையைத் தொட்டால் விழிக்கும். அடைத்த காற்றால் இயங்கும் துப்பாக்கிகளும் உண்டு. ஆயினும் மரத்துப் பாலில் செய்த குழாய்க்கு இருக்கும் மதிப்புக் குறைந்ததில்லை. நம் பாட்டன் பாட்டியர் விடியற்காலையில் மரம் சீவி மங்கில் வடித்த அதே பால்தான். நம் தோட்டங்களில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டதென்பது வேறு கதை.

மூச்சடக்கி மூழ்குதல் மனிதனுக்குப் புதிதன்று. மன்னார்க் கடலில் நம்மவர் முத்தும் சங்கும் எடுத்தது அவ்வாறே. சபாவில் செம்பூர்ணாக் கடலோரங்களில் வாழும் பஜாவ் லாவுட் மக்கள் மரத்தைக் குடைந்து கண்ணாடி பதித்துத் தாமே நீர்க்கண்ணாடி செய்துகொள்கிறார்கள்; துப்பாக்கியையும் மரத்திலே செதுக்கி ரப்பர் கட்டிக்கொள்கிறார்கள். இவர்தம் இனத்தார் சுலவேசித் தீவிலும் உளர். அவர்களுக்கு, பக்கத்தில் வாழும் சாலுவான் மக்களைவிட மண்ணீரல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கிறதென்று 2018-ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். தலைமுறை தலைமுறையாக மூழ்கிய மக்களுக்கு உடம்பே கருவியாகிவிட்டது போலும்! மேனாட்டில் இவ்வேட்டை விளையாட்டாகப் பரவியது 1930-களில், பிரெஞ்சு தேசத்துத் தென்கரையில். அங்கே வசித்த கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர், விமானிகள் அணியும் கண்ணாடியை நீர் கசியாதபடி அடைத்துக்கொண்டு கடலுள் பார்த்தார். 1938-இல் அவ்வேட்டையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். லூயி த கோர்லியே என்பவர் 1933-இல் கால்துடுப்புக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். துப்பாக்கிகளும் அக்காலத்திலேயே கடைக்கு வந்தன.

இனிக் கருவி செய்வோனிடம் வருவோம். அவன் பலகைமுன் அமர்ந்து கோடு கிழிக்கும்போது எதனை எண்ணுகிறான்? அறியாதார் வலுவை என்பர். வலுவைக் கூட்டுவது எளிது. இன்னொரு ரப்பரைப் பூட்டினால் போதும். ஆனால் ரப்பர் கூடக்கூட, ஈட்டி முன்னே பாயும் வேகத்துக்கு எதிராகத் தண்டு பின்னே உதைக்கிறது, முனை துள்ளுகிறது, குறி தவறுகிறது. குறி தவறிய ஈட்டி மீனின் வயிற்றையோ வாற்புறத்தையோ கிழித்துவிட்டுப் போகும். அம்மீன் பாறை இடுக்கில் புகுந்து, யாருக்கும் உணவாகாமல் சாகும். ஆதலால் தேர்ந்த கைவினைஞன் தேக்குப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி, வளையாத கனத்த தண்டு செய்து உதையை அடக்குகிறான். ஈட்டியின் முனையருகே ஒரு மடக்குமுள்ளை வைக்கிறான். உட்செல்லும்போது படிந்து, ஊடுருவியபின் விரிந்து, மீன் கழன்றுபோகாமல் நிறுத்துவது அது. பெருமீனுக்கானால் முனையே கழன்று உடலுக்கு அப்புறம் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும்படி அமைக்கிறான். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவை கொடுமையைக் கூட்டும் உபாயங்களாகத் தோன்றும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உணவுக்காகக் கொல்வதென்று துணிந்தபின், பாதி கொன்று விடுவதே பெருங்கொடுமை.

வேடனைப் பற்றியும் அவன் எண்ணக் கடமைப்பட்டவன். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுவோர்க்கு, மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை எழுப்பும் கரியமிலவாயு குறைந்துபோகிறது. பிராணவாயு தீர்ந்துவருவதை உடல் எச்சரிப்பதில்லை. மேலே வரும் வழியிலேயே மயங்கி மாள்கின்றனர். இடுப்பிற்கட்டும் ஈயக் கச்சையை ஒரு கையால் இழுத்தவுடன் கழலும்படி செய்வது இதுபோன்ற வேளைக்காகத்தான்.

இன்னொரு புகழும் இவ்வேட்டைக்கு உண்டு. வலை கண்ணை மூடிக்கொண்டு வாரும்; வெடி பவளப் பாறையையும் குஞ்சையும் சேர்த்துச் சிதைக்கும்; ஈட்டியோ இதுவென்று தெரிந்து ஒன்றைக் கொள்ளும். வேடர் இதனைப் பெருமையாகச் சொல்வர். ஆனால் தெரிந்தெடுப்பவன் எதனைத் தெரிந்தெடுக்கிறான்? பெரியதைத்தான். களவா மீனில், நம் சந்தையில் கெராப்பு என்பார்களே அம்மீனில், பல இனங்கள் பெண்ணாய்ப் பருவமெய்தி, முதிர்ந்து பெருத்த பின்பே ஆணாக மாறுகின்றன. பெரியதையே குத்திக்கொண்டு போனால் அக்கடலில் ஆண் அருகிவிடும். பிரெஞ்சு அரசாங்கம் கோர்சிகாத் தீவில் 1980-இலும், தன் தென்கரையில் 1993-இலும், களவாவை ஈட்டியால் வேட்டையாடலாகாதென்று தடுத்தது. கில்பாட்ரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிய அதே கரை!

மீனும் சும்மா இருப்பதில்லை. ஈட்டி வேட்டை நடக்கும் கடலில், மனிதனைக் கண்டு மீன் விலகும் தூரம் வரவர அதிகமாகிறது. நடுத்தரத் துப்பாக்கி நாலைந்து மீட்டருக்குள்தான் பயன்படும். பழகிய மீன் அதற்குச் சற்று அப்பாலே நின்று வேடனைப் பார்க்கும். வேடன் இன்னும் நீண்ட துப்பாக்கி கேட்பான்; மீன் இன்னும் தள்ளி நிற்கும். இப்போட்டியை நாம் அநியாயம் என்று சொல்லமாட்டோம். மீனுக்கு ஆழம் ஓர் அரண். இருள் மற்றோர் அரண். வேடனுக்கு மூச்சு ஓர் எல்லை. ஒரு மூச்சுக்குள் முடியாததை அவன் விட்டுவிட்டு மேலே வந்தாக வேண்டும். அவன் விட்டுவந்தவைதான் அடுத்த ஆண்டுக்குரிய மீன்.

1943-இல் கூஸ்தோவும் கான்யானும், புட்டியில் அழுத்தி அடைத்த காற்றை மூச்சின் அளவறிந்து விடும் கருவியை அமைத்தனர். கடலாராய்ச்சிக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அதனை முதுகில் கட்டிக்கொண்டு கையில் ஈட்டியையும் ஏந்தினால், ஆழம் என்னும் அரண் இடிந்துபோகிறது. இருள் என்னும் அரண் இடிந்த கதை இதனினும் சிறியது. அதனாலேயே அதிகம் பேசப்படாதது.

தென்கடலில், சாலமன் தீவுகளைச் சேர்ந்த ரோவியானாக் காயலில், நெற்றி புடைத்த பெருங்கிளிமீன் என்றோர் இனம் உண்டு. ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு, 40 கிலோவுக்கு மேலும் நிறைபெறக்கூடியது. பவளத்தைப் பல்லால் கடித்துத் தின்று மணலாகக் கழிப்பது அதன் தொழில்; ஒரு மீன் ஓராண்டில் 5 டன்னுக்கு மேற்பட்ட பாறையை அரைத்துவிடுகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். பகலில் ஆளை எளிதில் அண்டவிடாது. இரவிலோ ஆழமில்லாத நீரில் கூட்டங்கூட்டமாகக் கிடந்து உறங்கும். முன்னாளில் தீவினர் ஓடத்தில் நின்று தென்னங்கீற்றைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு கைவேலால் குத்துவர். கீற்று எரியும் வரைதான் வேட்டை. 1970-களில் நீருக்குள் எரியும் டார்ச் விளக்கு வந்தது. அதன்பின், மூழ்கிச் சென்று, உறங்கும் மீனின் பக்கத்திலே நின்று, ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தல் கூடுவதாயிற்று. பிஜித் தீவுகளின் லாவுப் பகுதியில் சில இடங்களில் அம்மீன் இல்லாமலே போயிற்று. பலாவு நாட்டில் அதனைப் பிடிப்பதே இப்போது குற்றம். அமெரிக்கச் சமோவா 2001-இல் காற்றுப்புட்டியுடன் வேட்டையாடுவதைத் தடுத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஈட்டி ஏந்துவோனுக்குக் காற்றுப்புட்டியும் கூடாது, இரவில் விளக்கும் கூடாது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஈட்டி மாறவில்லை, ரப்பர் கூடவில்லை. விளக்கு ஒன்றே புதிது. அம்பைச் செய்தவனைத் தேடிப் புறப்பட்ட நாம், விளக்கைச் செய்தவன் வாசலில் வந்து நிற்கிறோம். அவன் ஒருயிரையும் கொல்ல நினைத்தவனல்லன். இருட்டில் மூழ்குவோர்க்கு வழிகாட்டவே விளக்குச் செய்தான். இவனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா?

ஏற்றலாகாது என்பதே நம் கருத்து, அறியாத வரையில். வினையில் பங்கு கைபட்ட அளவால் ஏற்படுவதன்று. கைபட்ட அளவைக் கொண்டு தீர்ப்புச் சொன்னால், மரம் சீவியவளும், பாலை நிறுத்துக் கணக்கெழுதியவரும், அதைக் கப்பலேற்றியவரும் சாலமன் தீவின் மீனுக்குப் பதில் சொல்லவேண்டியவராவர். சீவியவள் வாளியில் ஊற்றிய பால் வைத்தியர் கையுறையாகுமா, குழந்தையின் பலூனாகுமா, வேடனின் துப்பாக்கியில் ஏறுமா என்பதை அவள் அறிய வழியில்லை. அறிந்தாலும் மாற்ற அவளுக்கு அதிகாரமில்லை. கருவியை வகுப்பவன் நிலை வேறு. அவன் அறிவான், மாற்றவும் அவனால் ஆகும். ரோவியானாவில் நிகழ்ந்ததைக் கேட்டபின்னும் பெட்டியின்மேல் இரவு வேட்டைக்கு உகந்தது என்று அச்சிட்டு விற்பவனுக்கு, முதல் விளக்கைச் செய்தவனுக்கில்லாத பங்கு வந்துசேர்கிறது.

இது நுட்பம் பேசி மகிழ்வதற்காகச் சொன்னதன்று. நடைமுறையில் பழி யார் தலையில் விழுகிறதென்று பாருங்கள். அரிசி வாங்கவும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் இரவில் மூழ்கும் தீவுக்காரன் பிடிபடுகிறான்; விளக்கு விற்றவன் பிடிபடுவதில்லை. நம் தோட்டங்களில் களைக்கொல்லி அடிக்கும் பெண்கள் நிலையும் இதுவே. பாராகுவாட் என்னும் நஞ்சை நம் அரசாங்கம் 2002-இல் தடுத்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முற்றாக விலக்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்நஞ்சுக்காகப் பரிந்து பேசியவர்கள் சொன்ன வாதம் யாது? கருவியில் குற்றமில்லை, கையாளத் தெரியாதவரிடத்தில்தான் குற்றம் என்பது. நம் ஊர் வெயிலில் முகமூடியும் கையுறையும் தரித்து நாளெல்லாம் நிற்க எந்த மனிதப் பிறவியாலும் ஆகாதென்பதை, குளிர்ந்த அறையில் அமர்ந்து அதை வகுத்தவர் எண்ணியிருக்க வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது வலியவன் வாயில் புகுந்தால் இவ்வாறுதான் ஆகிறது. அவன் கூற்றில் எய்தவள் அக்கூலிப் பெண்!

இனி, நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்துவிடுவான் என்பர் கருவி விற்போர். செய்யட்டும். தோட்டத்துப் பேரேட்டில் முனியம்மாள் வராத நாளுக்கு, அவள் நிரையைக் காளியம்மாள் வெட்டினாள் என்பதற்காக முனியம்மாள் பெயரில் ஒரு பேர் எழுதப்படுவதில்லை. அவளவள் பேர் அவளவள் வரியில். வரவுக்கு ஒப்புக்கொள்ளும் இந்த ஒழுங்கைப் பழிக்கு மட்டும் வேண்டாமென்பது என்ன நியாயமோ அறியோம். மேலும், இன்னொருவன் செய்வதற்குள் கழியும் ஓராண்டில் ஒரு கூட்டம் மீன் முட்டையிட்டுவிடும்.

ஒரு பட்டறைக்கு வாடிக்கைக்காரன் ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி நன்றாயிருக்கிறது, குறி தவறவில்லை, ரப்பரும் முதல் தரம் என்று புகழ்கிறான். தண்டின்மேல் டார்ச் விளக்கைப் பூட்டுவதற்கு ஒரு பிடி வேண்டும் என்கிறான். இரண்டு துளை, இரண்டு திருகாணி, கால்மணி நேர வேலை, கூலியும் தருகிறான். தேக்குத் தண்டு மேசைமேல் கிடக்கிறது. துரப்பணம் கைவினைஞன் கையில் இருக்கிறது. எய்பவன் அப்போது இன்னும் கடலுக்குப் போகவில்லை.