குழியை மூடும் முன்

நகராட்சிப் பொறியாளர்களே, வார்டு உறுப்பினர்களே, கோடை வருவதற்குள் ஒரு வேலையை முடித்துவிடுங்கள்: குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுங்கள். நம் ஊர்கள் பலவற்றில் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில், எத்தனை அடி ஆழத்தில், எந்தச் சாக்கடையை ஒட்டிப் போகிறது என்பது அலுவலகக் கோப்பில் இருக்காது. வால்வு திறந்துவிடுகிற ஊழியருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெற்றால் அந்த விவரமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

இன்றே அவரை உடன் அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடங்கள். அவர் காட்டுகிற ஒவ்வொரு வால்வையும் ஜி.பி.எஸ். கொண்டு குறியுங்கள். குழாய் வார்ப்பிரும்பா, பி.வி.சி.யா, பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டா, விட்டம் என்ன, போட்ட ஆண்டு என்ன, எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். தினக்கூலிக்காரர்தானே என்று அவர் பேச்சைப் பாதியில் வெட்டாதீர்கள். வரைபட மென்பொருளுக்கு நிதி இல்லை என்ற சாக்கும் வேண்டாம். க்யூஜிஐஎஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒப்பந்ததாரர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டெண்டரோடு வந்த வரைபடத்தையே மறுபடி அச்செடுத்து ‘ஆஸ் பில்ட்’ (உண்மையில் போட்டபடியான வரைபடம்) என்று நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். குழி திறந்திருக்கும்போதே அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் ஏற்றிய பிறகே பில் பாஸாகட்டும். வரைபடமே இல்லாததைவிடப் பொய் வரைபடம் கேடு. அதை நம்பித்தான் நாளைக்கு இன்னொருவர் ஜேசிபியை இறக்குவார்.

ஏன் இத்தனை அவசரம்? நம் ஊர்களில் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது. விநியோகம் நின்று குழாய் காலியாகும்போது உள்ளே அழுத்தம் குறையும். விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் புகும். குழாயில் நேராக மோட்டார் பூட்டி உறிஞ்சுகிற வீடுகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. ஒரு தெருவில் நாலு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தால், குடிநீர்க் குழாய், சாக்கடை, புகார் வந்த வீடுகள் மூன்றையும் ஒரே திரையில் பார்க்கிறவருக்கு எங்கே தோண்டுவது என்று சீக்கிரமே பிடிபடும். மற்றவர்கள் தெருவைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 2014இல் குடிநீரில் ஈய நஞ்சுச் சிக்கல் தொடங்கியபோது, எந்த வீட்டுக்கு ஈயக் குழாய் போகிறது என்ற பதிவு சுமார் 45,000 அட்டைகளில் கிடந்தது. பணக்கார நாடுதான்!

வரைபடம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும்: தண்ணீர் யாருக்குப் போகவில்லை என்பதை. வரைபடம் போடப் பலர் தயங்குவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஸேன்ஸ்வில் நகரை ஒட்டிய கோல் ரன் பகுதியில், கறுப்பின மக்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் குழாய் இணைப்பு இல்லாமல் வாழ்ந்தார்கள். பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் கிணற்று நீர் கெட்டிருந்தது. மழைநீரைப் பிடித்தார்கள், வண்டியில் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு நடந்தபோது, எந்த வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது, அங்கே குடியிருப்பவர் எந்த இனம் என்ற இரண்டையும் ஒரே ஜி.ஐ.எஸ். வரைபடத்தில் போட்டுக் காட்டினார்கள். 2008இல் நடுவர் குழு சுமார் 1.1 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. நம் ஊரில் குழாய் எந்தத் தெருமுனையோடு நின்றுபோகிறது, அதற்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை. உங்களுக்கே தெரியும்.

ஆகவே வரைபடத்தைக் கணினிக்குள் பூட்டி வைக்காதீர்கள். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் தண்ணீர் போகிறது என்பதை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அனுமதி இல்லாத இணைப்புகளைக் குறிக்கும்போது உறுப்பினர் வீட்டுத் தெருவிலிருந்து தொடங்குங்கள். ஏழை வீட்டுக் குழாயைப் பிறகு பார்க்கலாம்.

பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. குழாயில் பூட்டிய மோட்டாரை இன்றைக்கே கழற்றுங்கள். உங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டினால் வாசலோடு நின்றுவிடாதீர்கள். இறங்கிப் போய், “இது வரைபடத்தில் ஏறியாயிற்றா?” என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால், ஏற்றும்வரை குழியை மூட விடாதீர்கள்.