அண்டை வீட்டாரின் ஒளுவும் நம் பொறுப்பே



தூய்மை ஈமானின் பாதி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியிருப்பதைச் சிறு வயது முதலே அறிவோம். ஒளுவில் முழங்கை நனையாமல் போய்விட்டதோ என்று பதறுகிறோம். ஆனால், கழுவிய நீரும் கழித்த அசுத்தமும் வாசலைத் தாண்டியபின் எங்கே போகின்றன என்று நம்மில் எத்தனை பேர் கவலைப்படுகிறோம்?

நான் இமாமத் செய்யும் பள்ளிவாசலுக்கு நகராட்சியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. பள்ளியின் கழிவறைத் தொட்டியிலிருந்து வழியும் நீர் மழைநீர்க் கால்வாயில் விடப்படுகிறது. அந்தக் குழாயை அடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜமாஅத்தார் சிலருக்குக் கோபம் வந்தது. "அல்லாஹ்வின் வீட்டுக்கே நோட்டீஸா? ஊரில் வேறு யாரும் விடவில்லையா?" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. அது என் குற்றம்.

அந்த வாரமே கால்வாயோரத்து வீட்டு மூதாட்டி ஒருவர் மஸ்அலா கேட்க வந்தார். "ஹஜ்ரத், எங்க கிணத்துத் தண்ணி கொஞ்ச நாளா வாடை அடிக்குது. அதுல ஒளுச் செஞ்சா தொழுகை கூடுமா?"

நஜீஸ் கலந்து நிறமோ, சுவையோ, வாடையோ மாறிவிட்ட தண்ணீர் எவ்வளவு அதிகமாயினும் அசுத்தமே. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. கால்வாயில் தேங்கிய கழிவு மண்ணில் ஊறிக் கிணற்றில் இறங்கியிருந்தது. "கூடாதும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. தொழுகைக்கு அழைக்கும் பள்ளியே ஒரு முஃமினான பெண்ணின் ஒளுவைக் கெடுத்துவிட்டதே!

சகோதரர்களே! சாக்கடையைக் கண்காணிப்பது சர்க்கார் வேலை, தீனுக்கு அதில் என்ன சம்பந்தம் என்று எண்ணாதீர்கள். முற்கால இஸ்லாமிய ஆட்சிகளில் 'முஹ்தஸிப்' என்ற அதிகாரி இருந்தார். கடைத்தெருவின் அளவையையும் நிறுவையையும் பார்ப்பதோடு, வீதியையும் நீரையும் பார்ப்பது அவர் பொறுப்பு. ஊரின் நீர்வழி பழுதானால் அதைச் சீராக்க ஏற்பாடு செய்வதும் அவரைச் சேர்ந்தது என்று, ஹிஜ்ரி 450இல் வஃபாத்தான இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷைஸரீ (ரஹ்) அவர்கள் முஹ்தஸிப்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். வீட்டு அழுக்கை வீதியில் விடுபவரைக் கோடைக்காலத்தில் அவ்வழியை அடைக்கச் செய்து, வீட்டுக்குள்ளேயே குழி தோண்டிச் சேர்க்கச் செய்ய வேண்டும் என்கிறது அந்நூல். நமக்கு வந்த நோட்டீஸும் இதைத்தானே சொன்னது!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வீதிகளில் நடக்கும் தீமைகளை எண்ணும்போது, குப்பை கொட்டுவதையும், கசாப்புக்காரர் கடைவாசலில் அறுத்து இரத்தத்தால் பாதையை அசுத்தமாக்குவதையும் சேர்த்திருக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். குர்பானி மகத்தான இபாதத். ஆனால் குடலையும் சாணத்தையும் சாக்கடையில் தள்ளி, அது அடைத்துக்கொண்டு பிறர் வாசலில் பொங்கினால், அந்த இபாதத்தோடு ஒரு பாவத்தையும் சேர்த்துக் கொள்கிறோம்.

ஆகவே, வீட்டுக்கு வீடு மூன்று காரியங்களைக் கைக்கொள்ளுங்கள். ஒன்று, சமையல் கழிவையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே இதை வீட்டார் மீது கடமையாக்கின. பிரித்தால் உரமாகும், கலந்தால் உரமும் கெடும், அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையும் கிழியும். இரண்டு, கழிவறைத் தொட்டிக்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உள்ளிருக்கும் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். கூலி கொடுத்துவிட்டதால் ஓர் உயிரின் பொறுப்பு நீங்கிவிடாது. லாரியை அழைத்தாலும், அது கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் விடுகிறதா, ஏரியில் கொட்டுகிறதா என்று விசாரியுங்கள். மூன்று, குர்பானிக் கழிவைப் புதையுங்கள். அல்லது நகராட்சி குறித்த இடத்தில் சேருங்கள்.

நகராட்சி தன் கடமையில் தவறினால் எழுதிக் கேட்பது நம் உரிமை. ஆனால், வரி கட்டிய ரசீது அசுத்தத்தை வழியில் விடுவதற்கு அனுமதியாகாது.

அடுத்த ஜும்ஆவில் இதையெல்லாம் சொன்னேன். கோபப்பட்டவர்களே முன்வந்து குழாயை அடைத்தார்கள். ஒளுத் தண்ணீரைத் தனியே பிரித்துத் தென்னைக்கு விட்டோம். தொட்டியைக் காலி செய்து, விரிசலைப் பூசினோம். ஜமாஅத்தார் கைப்பணம் போட்டு மூதாட்டியின் கிணற்றை இறைத்துக் கொடுத்தார்கள். பின்னர் முத்தவல்லியும் நானும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். ஏனெனில், அடியானின் ஹக்கில் செய்த தவறுக்கு அந்த அடியானும் மன்னிக்க வேண்டும். நம் கழிவுநீர் எத்தனை வீட்டுக் கிணறுகளில் இறங்கியதோ, அத்தனை பேரிடமும் மறுமையில் போய் நிற்க நம்மால் ஆகுமா?

வல்ல அல்லாஹ் நம் உள்ளத்தையும், இல்லத்தையும், வீதியையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.