காவலர் தொழிலாளி ஆவாரா?

உழைத்து ஊதியம் பெறுவோர் அனைவரும் தொழிலாளரே என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். சட்டம் அப்படி எண்ணுவதில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் 'தொழிலாளர்' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகையில், காவல் பணியில் இருப்போரைப் பெயர் சொல்லியே விலக்கிற்று. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அவ்வழியே சென்றது. மேலும், அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு தந்த அதிகாரத்தால் இயற்றப்பட்ட 1966ஆம் ஆண்டின் சட்டம், முன் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேரும் காவலருக்கு இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

கல்வராயன் மலையில் சாராய ஊறல் தேடி ஏறும் ஒரு காவலரை எண்ணிப் பார்ப்போம். ஓடைக்கரைப் புதர்களில் மறைத்து வைத்த பேரல்களைக் கவிழ்த்துவிட்டு இறங்குகிறார். இரவு கள்ளக்குறிச்சியில் பந்தோபஸ்து. இத்தனை மணி நேரம்தான் என் வேலை என்று அவர் சொல்ல முடியாது. காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்பது 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்திலிருந்து தொடரும் எண்ணம். தமிழகத்தில் வார விடுப்புக்கு அரசாணை வந்ததே 2021இல்தான். அதுவும் கேட்டுப் பெற்ற உரிமையன்று, கொடுக்கப்பட்ட சலுகை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் அவருக்குக் கீழிருந்த பலரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. மாண்டோரின் குடும்பங்களுக்கு முன்னால் எந்தக் காவலருக்காகவும் வாதாட நமக்கு மனம் வராது, வரவும் கூடாது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பேச உரிமை இல்லாத ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் எதிர்பார்ப்பது நீதியா? எந்தத் தெருவில் என்ன விற்கிறது என்பதைக் கடைநிலைக் காவலர் அறியக்கூடும். மேலதிகாரி அதைக் கேட்க விரும்பாவிட்டால் அவர் வேறெங்கே போவார்? பத்திரிகைக்கு எழுதுவதையும் அதே 1966ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறதே!

ஆயுதம் ஏந்தியோர் வேலைநிறுத்தம் செய்தால் எளியோர் கதி என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான அச்சமே. உழைப்பைப் பற்றிய தம் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சங்க உரிமையை வலியுறுத்திய கையோடு, இன்றியமையாப் பணிகள் தடைபடலாகாது என்றும் கூறினார். ஆனால் வேலைநிறுத்தம் வேறு, குரல் வேறு. 1918, 1919 ஆண்டுகளில் காவலர் வேலைநிறுத்தத்தைக் கண்ட பிரிட்டன், அவர்கள் தொழிற்சங்கத்தில் சேருவதைத் தடுத்த அதே சட்டத்தாலேயே அவர்களுக்கென ஒரு கூட்டமைப்பையும் அமைத்துத் தந்தது. ஒன்றைப் பறித்தவர்கள் ஈடாக மற்றொன்றைக் கொடுத்தார்கள். இங்கே பறித்ததோடு நின்றுவிட்டோம்.

சங்கம் வந்தால் கையூட்டு ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. குற்றவாளியைக் காப்பாற்றும் கேடயமாகவும் அது மாறலாம். எல்லாச் சங்கங்களுக்கும் உள்ள நோய்தான் இது. ஆனால் நேர்மையான காவலர் இன்று தனி ஆளாய் நிற்கிறார். கையூட்டு வாங்குவோர் ஒருபோதும் தனியாக நிற்பதில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் அரசின் ஒப்புதலோடு காவலர் சங்கம் இயங்கி வருகிறது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அங்கும் செல்லும். அது கேட்பது முன் அனுமதி மட்டுமே. அதனை அளிக்கப் புதிய சட்டம் ஏதும் தேவையில்லை.