முப்பாட்டனைத் தேடலாமா?



நான் முன்பு இருந்த ஒரு பங்கில், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் ஒரு வாலிபன் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தான். "சாமி, எங்க தாத்தாவுக்குத் தாத்தா யாருன்னு பார்க்கணும். பழைய ஞானஸ்நானப் புஸ்தகத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுவீங்களா?" என்று கேட்டான். சொத்து வழக்கு ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். "அதெல்லாம் இல்லை சாமி, சும்மா பொழுதுபோக்குத்தான்" என்றான்.

இந்தப் பொழுதுபோக்கு இப்போது நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. பாட்டியைக் கேட்டுப் பெயர்களை எழுதுகிறார்கள். பழைய பத்திரங்களைத் தூசி தட்டிப் பார்க்கிறார்கள். இது நல்லதா? 'ரிஷிமூலம், நதிமூலம் பார்க்காதே' என்பது நம் பெரியோர் வாக்கு. அர்ச். சின்னப்பரும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், முடிவில்லாத வம்ச வரலாறுகளில் மனதைச் செலுத்துவது வீண் என்று எச்சரிக்கிறார். ஆனால் அதே புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் நாம் காண்பது ஒரு வம்ச அட்டவணை! அப்படியானால் தேடலாமா, கூடாதா?

எதற்காகத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

மேன்மை தேடுகிறவர்கள் ஒரு வகை. "எங்கள் முன்னோர் எட்டயபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர்கள், நாங்கள் இன்ன குலத்தார்" என்று சொல்லிக்கொள்ளவே இவர்கள் ஏடு புரட்டுவார்கள். இவர்களை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுவேன். உனக்குத் தாய் தகப்பன் இருவர். அவர்களைப் பெற்றவர்கள் நால்வர். அதற்கு முன் எண்மர். இப்படியே பத்தாம் தலைமுறைக்குப் போனால் 1,024 இடங்கள் வருகின்றன. நாம் மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுகிறவர்களானதால், ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் நிற்கலாம். ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் என்பதில் ஐயமில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்தபோது, இந்தக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர்களும், கம்புக்குக் களை வெட்டியவர்களும், மாடு மேய்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அத்தனை பேரையும் தள்ளிவிட்டு, அரண்மனையில் இருந்த ஒருவரை மாத்திரம் பொறுக்கியெடுத்து, "இவரே என் முன்னோர்" என்பது என்ன நியாயம்?

குலப்பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் திருச்சபையிலேயே சாட்சி உண்டு. வடக்கன்குளம் கோவிலுக்குள் ஒரு சாதியாரையும் மற்றொரு சாதியாரையும் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனவர்களும் கிறிஸ்தவர்களே! அதே வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் 2022-ல் அர்ச்சிஷ்டவராகப் பிரகடனம் செய்யப்பட்டபோது, அவர் பெயரோடு வழங்கிவந்த சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடனை அறியத் தேடுகிறவர்கள் மற்றொரு வகை. நாம் உண்ணும் சோறும், குடியிருக்கும் வீடும், விசுவாசமும் எவர் பட்ட பாட்டினால் வந்தன என்று தெரிந்துகொள்ள விரும்புவது நன்றியறிதலின் ஆரம்பம். அர்ச். மத்தேயு எழுதிய அட்டவணையைப் பாருங்கள். இராஜாக்களை மாத்திரம் எழுதி முடித்திருக்கலாம். அவரோ தாமாரையும், எரிக்கோவின் விலைமாதாகிய ராகாபையும், மோவாப் தேசத்து அந்நியப் பெண்ணாகிய ரூத்தையும் எழுதினார். தாவீது செய்த பாவத்தை மறைக்காமல், உரியாவின் மனைவியையும் குறிப்பிட்டார். மீட்பருடைய வம்சத்திலேயே மூடி மறைக்க ஒன்றுமில்லை என்றால், நம்முடைய வம்சத்தில் நாம் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

பங்குப் பதிவேடுகளும் பெருமைக்காக உண்டானவை அல்ல. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ல், விவாகங்களைப் பங்குக்குரு புத்தகத்தில் பதிந்து வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. யார் யாரை மணந்தார், யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்பது மறைந்துபோகக் கூடாது என்பதே நோக்கம். அதனால்தான் இன்றும் ஒருவர் எங்கே விவாகம் செய்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குச் செய்தி வரும். அந்த ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறித்து வைப்போம்.

அந்த ஓரக்குறிப்புத்தான் நம் வாலிபன் கதையை மாற்றிவிட்டது. அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். அவனுடைய தாத்தாவின் பதிவுக்கு இரண்டு ஆண்டு முன்னால், அதே தாய் தகப்பன் பெயரோடு இன்னொரு ஆண் குழந்தையின் பதிவு இருந்தது. ஓரத்தில், இலங்கை ஹட்டனில் விவாகம் நடந்ததாகக் குறிப்பு. தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்று வீட்டில் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. பாட்டியைக் கேட்டான். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரு பஞ்சத்துல கங்காணியோட கண்டிச் சீமைக்குப் போயிட்டாரு" என்றாள்.

மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னார் வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன எத்தனையோ பேரில் அவரும் ஒருவர். சில ஆண்டுகள் தம் பங்கு நிலத்தைப் பற்றிக் கடிதம் எழுதினார். பதில் போகவில்லை. பிறகு கடிதமும் நின்றது. நாலு ஏக்கர் கரிசலும் தம்பி பெயருக்குப் பட்டாவாயிற்று.

பையன் ஹட்டன் பங்குக்கு எழுதிக் கேட்டான். 1964-ல் இரு நாட்டு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு அந்தக் குடும்பமும் வந்து, நீலகிரியில் குடியேறியிருந்தது தெரிந்தது. நம் ஊர்க்காரர், நம் இரத்தம், ஒரு நாள் பயணத்தில் இருக்கிறார்கள், நாம் அறியவில்லை!

அவன் தகப்பனார் என்னிடம் கோபத்தோடு வந்தார். "சாமி, செத்துப்போனவங்க செஞ்சதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார். நியாயமான கேள்வி. தகப்பன் செய்த பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி தெளிவாகப் போதித்திருக்கிறார். ஆகவே குற்றம் சுதந்தரமாக வராது. ஆனால் ஆதாயம் வருகிறதே! பிறர் பொருளை அறியாமல் நல்லெண்ணத்தோடு அனுபவிக்கிறவன் மேல் குற்றமில்லை. ஐயம் வந்தபின் விசாரிக்காமல் இருந்தால்தான் குற்றம் என்று நம் அறநெறி நூல்கள் கற்பிக்கின்றன. சட்டப்படி கெடு கடந்திருக்கலாம். மனச்சாட்சிக்கு அந்தக் கெடு இல்லை. இதைத்தான் அவருக்குச் சொன்னேன்.

ஓராண்டு அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மகனையும் கூட்டிக்கொண்டு கோத்தகிரிக்கு பஸ் ஏறினார். நியாயப்படி பாதி நிலம் கொடுக்க வேண்டியது. அவர்களோ மூன்றில் ஒரு பங்கின் விலை போதும் என்றார்கள். அதை நாலு வெள்ளாமையில் கொடுத்துத் தீர்த்தார். அதற்கடுத்த ஆகஸ்டு 15-ல், காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருநாளுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில் வந்ததை நானே பார்த்தேன்.

பிரியமானவர்களே, வம்சம் தேடுவது பொழுதுபோக்காகத் தொடங்கலாம். அது பொழுதுபோக்காகவே முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. செத்தவர்களைத் தேடிப் போகிறவன் உயிரோடிருக்கிறவர்களைக் கண்டுபிடிக்கிறான். அதற்குத் துணிவுள்ளவர்கள் தேடட்டும்.

தேடுகிறவர்களுக்குச் சில புத்திமதிகள். வீட்டில் வயோதிபர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு என்று தள்ள வேண்டாம். ஆண்கள் பெயரோடு நிறுத்தாமல், பாட்டிமார் பெயரையும் அவர்கள் பிறந்த ஊரையும் எழுதுங்கள். சிறுவயதில் இறந்த குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். அடுத்த வீட்டு இரகசியம் கையில் கிடைத்தால், அதை ஊரில் விளம்பாதீர்கள். அது உங்கள் சொத்தல்ல. எழுதிய பெயர்களை நவம்பர் 2-ஆம் நாள் கோவிலுக்குக் கொண்டுவாருங்கள்; உத்தரிக்கிற ஆத்துமங்களுக்காகப் பூசையில் நினைத்துக்கொள்வோம்.

அர்ச். லூக்காஸ் எழுதிய அட்டவணை மேலே மேலே ஏறி ஆதாமிடம் போய் முடிகிறது. உங்கள் நோட்டுப் புத்தகமும் தொடர்ந்து எழுதினால் அங்கேதான் முடியும். பக்கத்துத் தெருக்காரர் நோட்டும் அங்கேதான். இதை மறவாமல் தேடுகிறவர்களுக்குச் சர்வேசுரன் துணைசெய்வாராக.

உங்கள் பங்குக்குரு