தடியத்தேவர் மனம் மாறியது யாரால்?

1693ஆம் ஆண்டு ஜனவரி 6, மூவரசர் திருநாள். அன்று மறவர் நாட்டில் தடியத்தேவர் என்ற குறுநிலத் தலைவர் அருளானந்தர் என்ற தே பிரித்தோ அடிகளார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். சேதுபதி அரியணைக்கே உரிமை கோரக்கூடிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். அதற்கு முன், நோயிலிருந்து பிழைக்க மாட்டார் என்று அவர் கைவிடப்பட்ட நிலையில், உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி வாசித்துச் செபித்தார். தேவர் எழுந்து உட்கார்ந்தார். நோய் தீர்ந்த கையோடு ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் உடனே இசையவில்லை. பல மனைவியர் உள்ளவர் ஒருவரோடு மட்டுமே வாழ இசைய வேண்டும் என்றார். தேவர் இசைந்தார். முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவுப்பெண். அவர் அரண்மனையில் போய் முறையிட்டார். இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. இன்று இராமநாதபுரம், சிவகங்கை என்ற இரு மாவட்டங்களையும் சேர்த்து 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்துக்குள் ஓரியூர் இருக்கிறது. தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடம் தே பிரித்தோ என்ற அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

அருளானந்தரின் வீரத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. என் மனம் தடியத்தேவரிடம்தான் நிற்கிறது. அவர் மனம் மாறியது யாருடைய செயல்? நோய் தீர்ந்தது அவர் கையில் இல்லை. உபதேசியார் வந்ததும் அவர் திட்டமிட்டதல்ல. படுக்கையில் கிடந்தவருக்கு எல்லாம் வெளியிலிருந்து வந்தது. ஆனால் மனைவியரை விலக்கியபோது அவருடைய வாயை வேறு யாரும் அசைக்கவில்லை. சேதுபதியின் கோபம் எப்படிப்பட்டது என்று தெரிந்த மனிதர் தெரிந்தே அதைச் செய்தார். இதை முழுக்க அருள் என்று சொன்னால் அவர் ஒரு மரப்பொம்மை. முழுக்க அவருடைய தீர்மானம் என்று சொன்னால் அருளுக்கு அங்கே வேலையே இல்லை. கிறிஸ்தவச் சிந்தனை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக முட்டிமோதிக்கொண்டிருக்கும் கேள்வி மறவர் நாட்டின் ஒரு வீட்டுக்குள் முழு உருவத்தோடு வந்து நின்றது.

கேள்வியை முதலில் கூர்மையாக்கியவர் பெலாஜியுஸ் என்ற துறவி. பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்தவர், ஒழுக்கத்தில் கறாரானவர். கடவுள் கேட்பதைச் செய்யும் வலிமையையும் கடவுளே தரவேண்டும் என்ற பொருளில் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் எழுதியிருந்தது அவருக்குச் சினமூட்டியது. செய்ய முடியாததை ஒருவரிடம் கேட்பது நியாயமா, கட்டளை இருக்கிறது என்றால் அதை நிறைவேற்றும் திறனும் மனிதனிடம் இருக்கத்தானே வேண்டும் என்பது அவர் வாதம். கிறிஸ்தவர்கள் அவரைத் திரிபுக்கொள்கைக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அருளின் பெயரைச் சொல்லிச் சோம்பிக் கிடந்த ஒரு சமூகத்தைப் பார்த்து அவர் எழுப்பிய குரல் நேர்மையானது. ஆனால் மனித மனம் எப்படி இயங்குகிறது என்பதில் அவர் தவறினார். அகுஸ்தீனார் தம்மையே அறுத்துப் பார்த்தவர். கையை அசை என்று மனம் ஆணையிட்டால் கை அசைகிறது, ஆனால் மனமே மனதுக்கு ஆணையிடும்போது அது கீழ்ப்படிய மறுக்கிறது என்று கண்டவர். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் கொள்கையை நிராகரித்தார்கள். 529இல் தென் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம், நம்பிக்கையின் தொடக்கமே அருள்தான் என்றது. தீமைக்கென்றே கடவுள் சிலரை முன்குறித்தார் என்பதையும் அதே சங்கம் அருவருப்போடு தள்ளியது. இந்த இரண்டாவது முடிவை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வழக்கு அதோடு தீரவில்லை. 1524இல் எராஸ்மஸ் மனச்சுதந்திரத்துக்காக நூல் எழுதினார். மறு ஆண்டே மார்ட்டின் லூத்தர், மனித சித்தம் ஒரு சுமைவிலங்கு, கடவுளோ சாத்தானோ ஏறியவர் ஓட்டும் திசையில்தான் அது போகும் என்று பதில் எழுதினார். கத்தோலிக்கருக்குள்ளேயும் இயேசு சபையின் மொலினா ஒருபுறம், சாமிநாதர் சபையின் பாஞெஸ் மறுபுறம். 1598 முதல் ரோமில் இரு தரப்பும் வாதாடின. 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல், எந்தத் தரப்பும் மற்றதைத் திரிபுக்கொள்கை என்று பழிக்கக் கூடாது, உரிய காலத்தில் தீர்ப்பு வரும் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அந்தத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. இந்த வாதம் சூடாக நடந்துகொண்டிருந்த ரோமில் இறையியல் படித்த இளைஞர் ஒருவர் 1606இல் மதுரைக்கு வந்து சேர்ந்தார். தத்துவபோதகர் என்று நாம் அறிந்த ராபர்ட் தே நொபிலி அவர்தான். மறுபிறப்பையும் தலைவிதியையும் எதிர்த்து அவர் தமிழில் எழுதியபோது, ரோமாபுரியின் சண்டை தமிழ்ச் சொற்களுக்குள் நுழைந்தது. அருளைக் குறிக்கப் பழைய கத்தோலிக்கச் செபங்களில் பிரியதத்தம், இஷ்டப்பிரசாதம் என்ற சொற்கள் இருந்தன. சீர்திருத்தச் சபையார் கிருபை என்றார்கள். பிரியத்தோடு கொடுக்கப்பட்டது என்று பொருள் தரும் பிரியதத்தம் வழக்கொழிந்தது எனக்கு வருத்தம். கொடுப்பவரின் முகம் தெரியும் சொல் அது.

இத்தனை நூற்றாண்டுச் சண்டையின் வேர் ஒரு கணக்குப் பிழை என்பது என் துணிபு. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வட்டிக்கடைக் கூட்டு ஒன்றில் ஆளுக்கு இவ்வளவு முதல் போடுகிறார்கள். ஒருவர் பங்கு கூடினால் இன்னொருவர் பங்கு குறைந்தாக வேண்டும். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது எல்லாம் நேராக வரவேண்டும். அருளையும் சித்தத்தையும் இப்படி ஒரே பேரேட்டில் எழுதிவிட்டு, கடவுளுக்கு எத்தனை அணா, மனிதனுக்கு எத்தனை அணா என்று கேட்டால் விடை வராது. இருவரும் ஒரே வகை முதலாளிகள் அல்லர். தாய்மொழியை எண்ணிப் பாருங்கள். எந்தக் குழந்தையும் தமிழைக் கேட்டுப் பெறுவதில்லை, விலை கொடுத்தும் வாங்குவதில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கே அதற்கு முதலில் மொழி கிடைத்திருக்க வேண்டும். வளர்ந்தபின் அந்தப் பிள்ளை எழுதும் கடிதத்தில் பாதி தாயுடையது, பாதி தன்னுடையது என்று யாராவது பிரிப்பார்களா? முழுவதும் அவள் கொடுத்த தமிழ், முழுவதும் அவன் எழுதிய கடிதம். அதே தமிழில் அவன் பொய் சொன்னால் அந்தப் பொய் அவனுடையது மட்டும்தான்.

பெலாஜியுஸ் இங்கே குறுக்கிடுவார். பிறவியிலேயே கடவுள் தந்த கொடை என்பதைத்தானே நானும் சொன்னேன், கொடுத்தபின் பேசுவது அவரவர் பாடு என்பார். நியாயமான தடை. ஆனால் பொய் சொல்லியே பழகியவனுக்கு ஒரு நாள் உண்மை பேச வேண்டி வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கொடை கையில் இருக்கிறது, பழுதாகியிருக்கிறது. ஜென்மப்பாவம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் சாரம் அதுதான் என்று கருதுகிறேன். குடிக்கு அடிமையாகி மீண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று தமிழ்நாட்டிலும் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் முதல் படியே, என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது. அப்படி ஒப்புக்கொண்டவர்தான் இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன் என்று தினமும் தீர்மானிக்கிறார். நான் விட்டேன், நான் காப்பாற்றப்பட்டேன் என்ற இரண்டு வாக்கியமும் அவர் வாயிலிருந்து வரும். இரண்டில் எதையும் பொய் என்று அவர் நினைப்பதில்லை. சித்தத்தை அருள் ஒதுக்கிவைப்பதில்லை, கட்டிக் கிடந்த சித்தத்தை அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த கால்கள் நடப்பது அவருடைய நடைதான்.

அருள் என்பது விதிக்கு இன்னொரு பெயர் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இது இயல்பான ஐயம். எல்லாம் அவன் செயல் என்று நாம் பெருமூச்சு விடும்போது, பெரும்பாலும் நம் நாவில் இருப்பது விதிதான். விதிக்கு முகம் இல்லை, அதை மறுக்கவும் முடியாது. அருள் அழைக்கும், மறுக்கப்படும் ஆபத்தை ஏற்றுக்கொண்டே அழைக்கும். இந்த மண்ணின் சமயங்களே அந்த வேற்றுமையை நன்கு அறிந்தவை. செம்பில் களிம்புபோல உயிரைத் தொடக்கமில்லாத காலம் முதல் பற்றிய ஆணவம் உயிரின் முயற்சியால் மட்டும் நீங்காது என்கிறது குன்றக்குடி ஆதீனம் போற்றும் சைவ சித்தாந்தம். வைணவத்தில் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் வாதிட்டன. எராஸ்மஸும் லூத்தரும் இருந்த இடத்துக்கு மிக அருகில் வரும் வாதம் இது. திருப்பத்தூர் பக்கத்துத் திருக்கோஷ்டியூரில், தான் நரகம் போனாலும் மற்றவர் கடைத்தேறட்டும் என்று இராமானுசர் மந்திரத்தைக் கூவிச் சொன்னதாக மரபு சொல்கிறது. எல்லாம் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. கடவுள் நல்லதாகவே படைத்த மனிதன் தானே விழுந்தான் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையும் ஆணவம் தொடக்கமற்றது என்ற சித்தாந்தமும் ஒன்றாகா. ஆனால் மனிதனின் கட்டு அவன் பலத்தைவிடப் பெரியது என்று கண்டதில் இவர்கள் அயலார் அல்லர்.

கடினமான தடை இன்னொன்று உண்டு. ஒருவருக்குக் கிடைத்த அருள் அடுத்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை? முன்குறித்தல் என்ற பெயரில் கால்வின் வழிவந்தோர் இதற்குச் சொன்ன விடையை என்னால் ஏற்க முடியவில்லை. கடவுளின் இறைமையைக் காக்கப் போய் அவருடைய நீதியை அது காவு கொடுக்கிறது. அருள் என்பது நன்றியின் சொல். திரும்பிப் பார்த்து, இது என்னால் ஆனதல்ல என்று ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொல். அதை எடுத்து அடுத்தவர் மேல் வைத்து, இவனுக்கு அருள் இல்லை என்று சொல்லும்போதே அது கெட்டுவிடுகிறது. அகுஸ்தீனாரின் சுயசரிதையில் அது உயிரோடு இருக்கிறது, முதுமையில் அவர் எழுதிய வாதநூல்கள் சிலவற்றில் இறுகிப்போகிறது. சித்தம் என்ற சொல்லுக்கும் இதே விதி. நாளை நான் செய்யப்போவதற்கும், நேற்று நான் செய்த தீங்குக்கும் அதைப் பயன்படுத்தினால் அது உண்மை. விழுந்துகிடப்பவரைப் பார்த்து, மனசு வைத்தால் எழுந்திருக்கலாமே என்று சொல்லும்போது அது கொடுமை. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, மீட்பு அருளால் மட்டுமே என்பதையும் அந்த அருள் மனிதனை நற்செயலுக்கு எழுப்புகிறது என்பதையும் சேர்த்தே அறிக்கையிட்டார்கள்.

இந்த அளவுகோலோடு தடியத்தேவரிடம் திரும்பினால் நான் தப்பிக்க முடியாத ஓர் இடம் வருகிறது. தாம் மீண்டதை அவர் அருள் என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் அந்த அருளின் விலையை விலக்கப்பட்ட பெண்கள் கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகக் கதை சொல்லவில்லை. அவர்கள் வீடிழந்ததையும் கடவுளின் திட்டம் என்று அருள் கணக்கில் எழுதினால், மனிதர் எடுத்த ஒரு முடிவின் பொறுப்பை நாம் துடைத்துவிடுகிறோம். சேதுபதியிடம் முறையிட்டவரை வஞ்சம் கொண்டவராக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அவர் நியாயம் கேட்டுப் போன பெண் என்று சொன்னால் அருளானந்தரின் தூய்மை குறையாது. ஓரியூரின் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் பக்தர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே மண்டியிடும்போது, ஒரு செபத்தை அந்தப் பெண்களுக்காகவும் சொல்லுங்கள்.